19 வருடக் கல்யாணத்துக்கு 15 லட்சம் ஜீவனாம்சம் என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

தென்காசித் தங்கை:

அக்காவுக்காகக் கேட்கிறேன். அவளுக்கு 44 வயது. பி.எட். முடித்து ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தவள், பையன் பிறந்த நேரத்தில்தான் அத்தானுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது, அதோடு வேலையை விட்டவள் திரும்பப் போகவே இல்லை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த வருடங்கள் முழுக்க இவள்தான் பார்த்தாள், அது வேறு கதை.

இப்போது இரண்டு வருடமாக அப்பா வீட்டில் இருக்கிறாள். அத்தான்தான் டைவர்ஸ் கேஸ் போட்டிருக்கிறார், கொடுமை செய்தாள் என்று (அக்கா!). அவருக்குப் பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் 1.35 லட்சம் இருக்கும். ஓசூரில் அவர் பெயரில் ஃபிளாட், லோன் ஓடுகிறது. ஊரில் பூர்வீக வயல் உண்டு. அக்கா சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள், மாதம் ஆறாயிரம் ஏழாயிரம் வரும். பையன் பதினொன்றாம் வகுப்பு, அவளோடுதான் இருக்கிறான்.

போன வாரம் சமரச மையத்தில் அவர்கள் பக்கம் சொன்னது இதுதான்: பரஸ்பர சம்மதத்தில் முடித்துக்கொள்ளலாம், மொத்தமாக 15 லட்சம் தருகிறோம், இனி எந்தக் காலத்திலும் எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கேஸ் என்று அலைந்தால் பத்து வருடம் ஆகும், வாங்கிக்கொள் என்கிறார் அப்பா. எங்கள் வக்கீல் எதையும் பிடிகொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்.

கோர்ட் இதை எப்படித்தான் முடிவு செய்கிறது? சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கு ஏதும் இருக்கிறதா? டைவர்ஸ் அவருக்குச் சாதகமாக ஆகிவிட்டால் அக்காவுக்கு ஒன்றுமே கிடைக்காது என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

கோவைக் கறுப்புக் கோட்டு:

குடும்ப நல நீதிமன்றத்தில் தினமும் நிற்கிறவன் என்பதால் சொல்கிறேன், உங்கள் வக்கீலுக்குப் பதிலாக அல்ல.

கடைசிக் கேள்விக்கு முதலில். அது தவறு. இந்து திருமணச் சட்டம் பிரிவு 25, டைவர்ஸ் யார் கேட்டார், யார் ஜெயித்தார் என்று பார்த்துக் கதவை மூடுவதில்லை. தீர்ப்பு தரும்போதோ அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலுமோ நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம், கணவன் மனைவி யாரும் கேட்கலாம். இரண்டு பேரின் நடத்தையையும் பார்க்கலாம் என்று பிரிவிலேயே இருக்கிறது, அதனால் கொடுமை நிரூபணமானால் தொகை குறையலாம், அவ்வளவுதான். செல்லாத திருமணம் என்று கோர்ட்டே அறிவித்த வழக்கில்கூட நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியில் சுக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சதவீதக் கணக்கு சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 25 சதவீதம் என்று எல்லோரும் சொல்வது 2017இல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில் வந்தது. கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அதே வழக்கில் அவர் மறுமணம் செய்து குழந்தையும் இருக்கிறது என்பதைப் பார்த்து 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை. நீதிபதிகள் மனதுக்குள் அந்தக் கால் பங்கைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வார்கள், பிறகு மேலேயும் கீழேயும் போவார்கள்.

எதைப் பார்த்துப் போவார்கள் என்பதுதான் விஷயம். 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு, 2024 டிசம்பரில் வந்த பர்வீன் குமார் ஜெயின் தீர்ப்பு, இரண்டும் இதை விரிவாகச் சொல்கின்றன. கணவனின் வருமானமும் சொத்தும் கடனும், மனைவியின் படிப்பு, அவளுக்கென்று உள்ள வருமானம், சேர்ந்து இருந்தபோது எந்த வசதியில் வாழ்ந்தார்கள், பிள்ளை யாரிடம் இருக்கிறது, கேஸ் செலவு. இதில் உங்கள் அக்காவுக்குப் பெரிய பலம் குடும்பத்துக்காக வேலையை விட்டாரா என்பது, அதைத் தனியாகவே ஒரு அம்சமாகச் சொல்லியிருக்கிறார்கள். 19 வருடம் என்பதும் பலம். ரஜ்னேஷ் தீர்ப்பில் கொஞ்ச காலமே நீடித்த திருமணத்துக்கு ஆயுள் முழுக்கக் கொடு என்பது நியாயமாக இருக்காது, எனவே திருமணம் எத்தனை காலம் நீடித்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அந்த வரி உங்கள் அக்காவுக்குச் சாதகமாகவே வேலை செய்யும்.

பி.எட். இருக்கிறதே, சம்பாதிக்கலாமே என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். 2017 ஷைலஜா எதிர் கோபன்னா வழக்கில் சம்பாதிக்கும் தகுதி இருப்பதும் உண்மையில் சம்பாதிப்பதும் வேறு வேறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதினாறு, பதினேழு வருடம் வகுப்பறைக்கே போகாதவரை 44 வயதில் எந்தப் பள்ளி என்ன சம்பளத்துக்கு எடுக்கும் என்று உங்கள் வக்கீல் திருப்பிக் கேட்க வேண்டும்.

இப்போது என் கேள்வி. பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது என்கிறீர்கள், கேஸ் முடியும்வரை மாதாமாதம் கிடைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டீர்களா இல்லையா?

தென்காசித் தங்கை:

இல்லை சார். டைவர்ஸ் கேஸ் முடியும்போது சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று வக்கீல் சொன்னார்.

கோவைக் கறுப்புக் கோட்டு:

நாளைக்கே போடச் சொல்லுங்கள். மனு தாக்கல் செய்த தேதியிலிருந்துதான் ஜீவனாம்சம் கணக்காகும் என்று ரஜ்னேஷ் தீர்ப்பு சொல்கிறது, அதாவது மனு போடாத மாதங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. இந்து திருமணச் சட்டம் பிரிவு 24இல் போடலாம், அல்லது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125க்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144இல் போடலாம். இரண்டு இடத்தில் வாங்கினால் ஒன்றை மற்றதில் கழிப்பார்கள், அதனால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பையனுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, எங்கள் அனுபவத்தில் கடைசியில் வரும் தொகை பெரும்பாலும் இடைக்காலத் தொகையை ஒட்டியேதான் வரும். அதனால்தான் எதிர்த்தரப்பு இடைக்கால உத்தரவு வருவதற்கு முன்பே சமரசம் பேசும்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:

வக்கீல் சார் சட்டம் சொன்னார், நான் காகிதம் சொல்கிறேன்.

ஜீவனாம்ச மனு போட்டால் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் காட்டும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்கு உச்ச நீதிமன்றமே படிவம் கொடுத்திருக்கிறது. பேங்க் கணக்கு, பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், வண்டி, நிலம், வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் வரை எல்லாம் அதில் வரும். பல பேர் இதை ஏதோ சம்பிரதாயம் மாதிரி நினைத்து வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட்டிடம் விட்டுவிடுகிறார்கள். என் சர்வீஸில் நான் பார்த்தவரை கேஸின் பாதி அந்தப் பத்திரத்திலேயே முடிந்துவிடும். "தெரியாது", "பொருந்தாது" என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு கட்டமும் குறுக்கு விசாரணையில் எதிராளிக்கு லட்டு.

அவர் வயலைக் காட்ட மாட்டார், பந்தயம் கட்டலாம். நீங்கள் பட்டா, சிட்டா எடுத்துவிடுங்கள், வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள், போன இரண்டு வருடத்தில் அண்ணன் தம்பி பெயருக்கு ஏதாவது செட்டில்மென்ட் நடந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். பொய்ப் பத்திரம் என்று நிரூபணமானால் அதற்குத் தனியாக நடவடிக்கை கேட்கலாம், நடவடிக்கை வருகிறதோ இல்லையோ, நீதிபதிக்கு அந்த ஆளின் மீது இருக்கும் நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

டியூஷன் வருமானத்தை உங்கள் அக்காவும் மறைக்கக் கூடாது. ஏழாயிரத்தை மறைக்கப் போய் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேலம் மாம்பழம்:

நான் இந்த வழியாகப் போய் வந்தவள். சட்டம் எல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள். நடப்பதைச் சொல்கிறேன் தங்கச்சி.

கூண்டில் ஏறியதும் என் கணவரின் வக்கீல் என்னிடம் கொடுமை, சண்டை எதையும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் பால் வாங்குகிறீர்கள், பச்சையா நீலமா, கேஸ் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருகிறது, பிள்ளை ஸ்கூலுக்கு வேனிலா பஸ்ஸிலா, இதுதான். நான் மனுவில் மாதச் செலவு 40,000 என்று குத்துமதிப்பாக எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துக் கூட்டி 22,000க்குக் கொண்டு வந்து நிறுத்திவிட்டார். ஆனால் ஸ்கூல் ஃபீஸ் ரசீது, அம்மாவுக்கு... இல்லை, எனக்குத் தைராய்டு மாத்திரை பில், வாடகை ஒப்பந்தம் இவற்றை அவரால் தொட முடியவில்லை. காகிதம் இருந்தது நின்றது, இல்லாதது போனது.

அதனால் அக்காவை இன்றைக்கே ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். பழைய வாழ்க்கைக்கும் ஆதாரம் வேண்டும். ஓசூரில் எந்த ஸ்கூலில் என்ன ஃபீஸ் கட்டினார்கள், கார் என்ன, லீவுக்கு எங்கே போனார்கள், இதெல்லாம் போட்டோவாக, வாட்ஸப்பாக அவள் போனில் இருக்கும். அவள் இப்போது அப்பா வீட்டில் ஃபேன் இல்லாத அறையில் படுத்திருக்கிறாள் என்பதால் அதுதான் அவள் வாழ்க்கைத் தரம் என்று ஆகிவிடக் கூடாது.

பெயர் வேண்டாம் ஓசூர்:

இதே ஊர் என்பதால் எட்டிப் பார்த்தேன். கொடுக்கிற பக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும். நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒழுங்காகக் கொடுக்கிறேன். சம்பளம் 1.35 என்றால் அதில் வீட்டு லோன் 42,000 போகும், வயதான பெற்றோருக்கு மருந்து போகும், இவனும் எங்கேயாவது வாடகைக்கோ எதற்கோ இருக்க வேண்டும். எல்லோரும் 25, 33 என்று சதவீதம் பேசுகிறீர்கள். நாளைக்கு அந்த ஆளுக்கு வேலை போனால்? எங்கள் லைனில் 45க்கு மேல் வேலை போனால் திரும்பக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது யோசிக்கிறீர்களா? மொத்தமாகக் கொடுத்து முடித்துவிடலாம் என்று ஒருவன் நினைப்பது எல்லாம் ஏமாற்று வேலை இல்லை.

கோவைக் கறுப்புக் கோட்டு:

ஓசூர் நண்பரே, நீங்கள் சொல்வதில் பாதிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வேலை போனாலோ சூழ்நிலை மாறினாலோ பிரிவு 25(2)இல் தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ கேட்கலாம். அந்த அம்மா மறுமணம் செய்துகொண்டால் 25(3) இருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பையும் கோர்ட் பார்க்கும். கோடீஸ்வரக் கணவர்கள் விஷயத்திலேயே, பிரிந்த பிறகு அவன் எவ்வளவு உயர்ந்தானோ அதற்கெல்லாம் சமமாக மனைவி கேட்க முடியாது, ஜீவனாம்சம் என்பது இருவர் சொத்தையும் சமன் செய்யும் வழி இல்லை என்று 2024 டிசம்பரில் ரிங்கு பாஹேதி வழக்கில் நீதிபதி நாகரத்னா அமர்வு சொன்னது. கேட்டது முதல் மனைவிக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 500 கோடிக்கு நிகராக, கிடைத்தது 12 கோடி.

ஆனால் லோன் வாதம் அவ்வளவு எடுபடாது. வருமான வரி, கட்டாயப் பி.எஃப். மாதிரிப் பிடித்தங்களைத்தான் கழிப்பார்கள். ஃபிளாட் யார் பெயரில் இருக்கிறது? அவர் பெயரில். அப்படியானால் அந்த 42,000 அவர் சொத்தைத்தானே வளர்க்கிறது என்று நீதிபதி கேட்பார், கேட்டதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

தங்கைக்கு இன்னொரு தீர்ப்பு, உங்கள் அக்கா கேஸுக்கு ரொம்ப நெருக்கமானது. 2025 மே மாதம், ராக்கி சாதுகான் வழக்கு. 1997இல் கல்யாணம், மறுமணம் செய்துகொள்ளாத மனைவி, மாதச் சம்பளக்காரக் கணவர். கல்கத்தா உயர் நீதிமன்றம் 20,000 என்றும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை 5 சதவீதம் உயர்வு என்றும் போட்டது. உச்ச நீதிமன்றம் அதை 50,000 ஆக்கி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 5 சதவீதம் உயர்வு என்று மாற்றியது. விலைவாசியையும் திருமண வாழ்க்கையில் இருந்த தரத்தையும் காரணமாகச் சொன்னார்கள். மகனுக்கு 26 வயது ஆகிவிட்டதால் அவனுக்குக் கட்டாயம் இல்லை என்றும் சொன்னார்கள். உங்கள் பையனுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றால் அவன் கணக்கு தனி, காலேஜ் செலவை இப்போதே சமரசப் பேச்சில் எழுத்தில் கொண்டு வாருங்கள், 18 தாண்டியபின் கேட்பது கஷ்டம்.

தென்காசித் தங்கை:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு ராத்திரி அக்காவிடம் பேசினேன். மாதாமாதம் என்றால் அவர் நிறுத்திவிடுவார், ஒவ்வொரு முறையும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று பயப்படுகிறாள். அதனால்தான் மொத்தமாக வாங்கலாமா என்று யோசிக்கிறாள். மாதாமாதமா, மொத்தமா, எது நல்லது? அப்புறம் அவள் 40 சவரன் நகை அங்கே லாக்கரில்தான் இருக்கிறது, அத்தான் பெயரிலுள்ள லாக்கர், 15 லட்சத்தில் எல்லாம் அடக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சேலம் மாம்பழம்:

என்னது? 40 சவரனா? சவரன் 70 ஆயிரம் என்று குறைத்துப் போட்டாலும் 28 லட்சம்! உங்கள் நகையை அவர்கள் வைத்துக்கொண்டு, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே திருப்பிக் கொடுத்து, அதற்கு ஜீவனாம்சம் என்று பெயர் வைத்து, கையெழுத்தும் கேட்கிறார்களா? உங்கள் அப்பாவிடம் இந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

கோவைக் கறுப்புக் கோட்டு:

சேலம் அம்மா சொன்னதே சட்டமும். நகை, சீர்வரிசை எல்லாம் ஸ்திரீதனம், முழுக்க முழுக்க அவள் சொத்து, ஜீவனாம்சத்தில் கழிக்கிற சாமான் இல்லை. தனியாகக் கேட்க வேண்டும். கல்யாண ஆல்பம், நகைக்கடைப் பில், சீர்ப் பட்டியல் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

15 லட்சத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.35 லட்சத்தில் கால் பங்கு 33,750. அந்தக் கணக்கில் 15 லட்சம் என்பது நாலு வருடம்கூட வராது. பேங்கில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 8,750 வட்டி. 44 வயதுப் பெண்ணுக்கு, நகையும் போய்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:

மாதமா மொத்தமா என்பதற்குப் பொதுவாக ஒரே பதில் இல்லை, ஆளைப் பொறுத்தது. சொந்தத் தொழில் செய்கிறவன், வெளிநாட்டுக்குப் போகப் போகிறவன், சொத்தை விற்றுக்கொண்டிருக்கிறவன் என்றால் மொத்தமாக வாங்கிவிட வேண்டும், மாதாமாதம் துரத்த முடியாது. இங்கே அவர் கம்பெனிச் சம்பளக்காரர். நிறுத்தினால் நிறைவேற்று மனு போட்டுச் சம்பளத்தையே ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடன் டிகிரிக்கு, அதாவது கோர்ட் தீர்ப்பாணைக்கு, சம்பளத்தில் கொஞ்சம்தான் தொட முடியும், ஜீவனாம்ச டிகிரி என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 மூன்றில் ஒரு பங்கை மட்டும்தான் அவருக்கென்று விட்டுவைக்கிறது. ஒரு முறை கம்பெனி எச்.ஆருக்கு உத்தரவு போனால் அடுத்த மாதம் தானாகவே வந்துவிடும், அந்தக் கூச்சத்துக்கே பல பேர் ஒழுங்காகக் கட்டுவார்கள். பழைய 125, புதிய 144 வழியில் வாங்கினால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும், பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும், சேர்த்து வைத்துப் போடலாம் என்று விடக் கூடாது. ஃபிளாட்டின் மீதோ வயலின் மீதோ ஜீவனாம்சத்துக்குப் பொறுப்பு ஏற்றி உத்தரவு கேட்கவும் பிரிவு 25இல் வழி இருக்கிறது, அதை யாரும் கேட்பதே இல்லை, கேளுங்கள்.

மாதாமாதம் வருவது வருமானம், வரிக் கணக்கில் காட்ட வேண்டும், மொத்தமாக வருவது மூலதன வரவு, அதாவது வருமானமாகக் கணக்கில் வராது என்று 1983இலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் தொகைக்கு இரண்டிலும் பெரிய வித்தியாசம் வராது.

மொத்தமாகத்தான் என்று முடிவானால் பேச்சை நம்பாதீர்கள். பரஸ்பர சம்மத டைவர்ஸில் இரண்டு கட்டமாக மனு வரும்; முதல் மனு அன்று பாதி, இரண்டாவது மனு அன்று நீதிபதி முன்னால் மீதி, இரண்டும் டி.டி.யாக. நகையை அதற்கு முன்பே கைக்கு வாங்கி ரசீது எழுதிக்கொள்ளுங்கள். செக் வேண்டாம். "பிறகு ஃபிளாட்டை விற்றுத் தருகிறேன்" என்பதும் வேண்டாம்.

பெயர் வேண்டாம் ஓசூர்:

நகை விஷயம் தெரியாமல் பேசிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுத்துவிட்டுத்தான் எதையும் பேச வேண்டும். லாக்கரை எப்போது திறந்தார்கள் என்பதற்கு பேங்கில் கையெழுத்துப் பதிவேடு இருக்கும், அதை வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தென்காசித் தங்கை:

அப்பாவிடம் 28 லட்சம் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் பீரோவிலிருந்து நகைக்கடைப் பில் கட்டை எடுத்து வந்து கொடுத்தார். பாதிதான் இருக்கிறது, மீதி எழுத்து அழிந்து வெள்ளையாக இருக்கிறது. வக்கீலிடம் இடைக்கால மனு பற்றிக் கேட்டால் ஃபீஸ் தனி என்கிறார். இலவச சட்ட உதவி எங்களுக்குக் கிடைக்குமா? வீடு சொந்தம் என்பதால் கேட்கிறேன்.

கோவைக் கறுப்புக் கோட்டு:

கிடைக்கும். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12இல் பெண் என்றாலே தகுதி, வருமான வரம்பு பெண்களுக்குக் கிடையாது. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், ஆதாரும் டைவர்ஸ் கேஸ் நகலும் எடுத்துக்கொண்டு அக்காவே நேரில் போகட்டும். வக்கீலை மாற்றுவதாக இருந்தால் பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிவிடுங்கள். அழிந்த பில்லுக்குக் கடையில் கேளுங்கள், கம்ப்யூட்டர் பில் என்றால் நகல் கிடைக்கலாம், இல்லாவிட்டால் கல்யாண வீடியோ போதும், கழுத்தில் கையில் என்ன கிடந்தது என்று அதில் தெரியும். அடுத்த சமரசத் தேதி என்றைக்கு?

தென்காசித் தங்கை:

வருகிற 18ஆம் தேதி. அதற்குள் இடைக்கால மனு போட்டுவிட்டுத்தான் போவதாக அக்கா சொல்லிவிட்டாள்.